காரசாரமான உலகச் சமையலுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

சிறுவாணி

வணக்கம். மூன்று சமையல் புத்தகம் வாங்கப் போகிறேன். சீனா, தாய்லாந்து, மெக்ஸிகோ என்று காரத்துக்குப் பேர்போன ஊர்களின் சமையலை வீட்டில் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

எங்கள் வீடு கோவையில். ஐந்து பேர். இரண்டு அடுப்பு கேஸ், மிக்சி, அம்மி, இரும்புக் கடாய் உண்டு. ஓவன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி, மீன், ஆட்டுக்கறி. மாமியார் முழு சைவம்.

ஏற்கெனவே ஒரு புத்தகம் இருக்கிறது. ஒரே அட்டைக்குள் நாற்பது நாட்டு உணவு, பக்கத்துக்குப் பக்கம் படம். அதைப் பார்த்து டெக்ஸாஸ்காரர்களின் 'சில்லி' என்ற குழம்பை ராஜ்மா போட்டுச் செய்தேன். மிளகாய்த்தூள் 3 டேபிள்ஸ்பூன் என்று இருந்தது. என்னிடம் இருந்தது மில்லில் அரைத்த குண்டூர் மிளகாய்த்தூள். அளவு கூடுதலாகத் தெரிந்தும், புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று அப்படியே போட்டேன். கிளறும்போதே நெடி ஏறி வீடு முழுக்க இருமல். சின்னவள் ஒரு வாய் வைத்துவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். அரைக் கிலோ ராஜ்மாவையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. என் கைப்பிழையா, புத்தகத்தின் பிழையா என்று இன்று வரை தெரியவில்லை. இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது. சொல்லுங்கள்.

ஆழாக்கு

உங்கள் கைப்பிழை இல்லை அம்மா. அமெரிக்கப் புத்தகத்தில் 'சில்லி பவுடர்' என்றால் அது தனி மிளகாய்த்தூள் அல்ல. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஆரிகானோ, பூண்டுத்தூள் எல்லாம் சேர்த்த மசாலா. 1890களில் டெக்ஸாஸில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட் அதை அரைத்து விற்கத் தொடங்கினார். அந்த ஊர்க் குழம்புக்கு அது 3 டேபிள்ஸ்பூன் சரியான அளவுதான். நம் சாம்பாருக்கு 3 டேபிள்ஸ்பூன் சாம்பார்ப் பொடி போடுவது போல. அதே இடத்தில் தனி குண்டூர்த்தூளைப் போட்டால் என்ன ஆகும்? அந்தப் புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அதன் குறை.

இதே போல் இன்னும் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று உப்பு. அமெரிக்கப் புத்தகங்களில் 'கோஷர் உப்பு' என்று வரும். அது பொரபொரப்பான பெரிய பரல். அதில் சில வகை, ஒரு டீஸ்பூனுக்கு நம் தூளுப்பின் எடையில் பாதிதான் இருக்கும். அளவு மாற்றாமல் போட்டால் வாயில் வைக்க முடியாது. இன்னொன்று டேபிள்ஸ்பூன். அமெரிக்காவில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. மீன் சாஸ், சோயா சாஸ் போன்ற உப்பேறிய பொருளை நாலு ஸ்பூன் ஊற்றும்போது இந்த வித்தியாசம் நாக்கில் தெரியும். அதனால் எந்த நாட்டில் அச்சானது என்று முதலில் பாருங்கள். கிராம் கணக்கில் அளவு கொடுக்கும் புத்தகமாக இருந்தால் இந்தத் தலைவலியில் பாதி இல்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

அப்புறம், புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் படத்தைப் பார்ப்பதில்லை. பொருள்களைப் பற்றிய பகுதியைத்தான் திறப்பேன். அதில் மிளகாய்க்கு எத்தனை பக்கம் என்று பார்ப்பேன். ஒரு ஊரின் காரச் சமையலை எழுதுகிறவர் அந்த ஊர் மிளகாயைப் பற்றி நாலு பக்கமாவது எழுதாமல் நகர முடியாது. 1951இல் மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதியபோது, அடுப்படிப் பழக்கமே இல்லாத பெண்ணும் தனியாக நின்று சமைக்க வேண்டும் என்று நினைத்து உப்பு, புளி முதற்கொண்டு அளவு எழுதினார். வெளிநாட்டுச் சமையலில் நாம் எல்லோரும் அந்தப் பெண்ணின் இடத்தில்தான் இருக்கிறோம். அப்படி நினைத்து எழுதியவரின் புத்தகத்தை வாங்குங்கள்.

பசிமாறன்

புத்தகம் எதற்கு? எல்லாம் யூடியூபில் இருக்கிறதே. அந்தந்த ஊர் ஆட்களே செய்து காட்டுகிறார்கள். மூன்று புத்தகக் காசில் நல்ல கடாய் வாங்கலாம்.

அம்மிக்கல்

வீடியோவும் வேண்டும் பசிமாறன். வெங்காயம் எந்த நிறம் வந்ததும் அடுத்ததைப் போட வேண்டும் என்பதை வீடியோ போல எதுவும் காட்டாது. ஆனால் ஒரு சமையலின் இலக்கணம் வீடியோவில் கிடைக்காது. இன்றைக்கு ஒரு டிஷ், நாளைக்கு இன்னொரு டிஷ் என்று தனித்தனியாக நிற்கும். நல்ல புத்தகம் பத்து டிஷ்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரே முறையைச் சொல்லிக் கொடுக்கும்.

சிறுவாணி, என் கருத்து ஒன்றே ஒன்றுதான். நாற்பது நாடு ஒரே புத்தகத்தில் வேண்டாம். ஒரு புத்தகத்துக்கு ஒரு ஊர். ஏனென்றால் காரம் ஒன்றல்ல. ஒரு ஊரில் மிளகாயைப் புளிக்க வைக்கிறார்கள், ஒரு ஊரில் புகை போடுகிறார்கள், ஒரு ஊரில் பச்சையாக இடிக்கிறார்கள். 'உலகக் காரம்' என்று தொகுப்பவருக்கு இதையெல்லாம் சொல்ல இடம் இருக்காது. கடைசியில் எல்லாம் மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன் என்று வந்து நிற்கும்.

முதல் புத்தகமாக சீனாவின் சிச்சுவான் மாகாணச் சமையலைச் சொல்வேன். ஃபியூஷா டன்லப் எழுதியவை. இவர் இங்கிலாந்துக்காரர். 1990களில் செங்டு நகரத்துக்குப் படிக்கப் போய், அங்கே சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கல்லூரியிலேயே சேர்ந்து கற்றவர். 2001இல் வந்த இவருடைய முதல் சிச்சுவான் புத்தகத்தை 2019இல் திருத்தி விரித்து 'தி ஃபுட் ஆஃப் சிச்சுவான்' என்று வெளியிட்டார். அந்த ஊர்ச் சமையல்காரர்கள் சுவையை 23 கூட்டாக வகுத்து வைத்திருக்கிறார்கள் என்பதை விளக்கியிருப்பார். அதில் எல்லாமே காரம் இல்லை. எனக்குப் பிடித்தது 'யூசியாங்', அதாவது மீன்மணம். பெயரில்தான் மீன். ஊறவைத்த மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் வினிகர், அவ்வளவுதான். மீன் சமைக்கச் சேர்க்கும் பொருள்கள் என்பதால் அந்தப் பெயர். இதே கூட்டில் கத்தரிக்காய் செய்தால் உங்கள் மாமியாரும் சாப்பிடலாம்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு முதலில் 2012இல் வந்த 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் ரைஸ்' போதும். வீட்டுச் சாப்பாட்டுக்கென்றே எழுதியது. காய்கறி நிறைய. கடாய் ஒன்று, சாமான் பத்து இருந்தால் புத்தகத்தில் பாதியைச் செய்துவிடலாம்.

பசிமாறன்

சரி, ஆனால் அந்தப் பத்துச் சாமான் கோவையில் எங்கே கிடைக்கும்? டோபான்ஜியாங் என்று ஒரு சீன விழுது சொல்கிறார்களே, அது இல்லாமல் மிளகாய் விழுது போட்டால் போதாதா? மிளகாய் மிளகாய்தானே.

அம்மிக்கல்

அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டோபான்ஜியாங் என்பது மிளகாயையும் ஒரு வகை அவரைப் பருப்பையும் உப்பு போட்டு மாதக்கணக்கில் புளிக்க வைத்த விழுது. செங்டுவுக்குப் பக்கத்தில் பிஷியான் என்ற இடத்தில் செய்வதற்குத்தான் பெயர். இதை எண்ணெயில் இளந்தீயில் ஒரு நிமிடம் வதக்கினால் எண்ணெய் செக்கச் செவேல் என்று பிரியும். அந்த நிறமும் மணமும்தான் மாப்போ டோஃபு என்ற காரமான சிச்சுவான் டோஃபு குழம்புக்கே அடிப்படை. பச்சை மிளகாய் விழுதில் இது வராது. ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு பாட்டில் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் வரும். உப்பு அதிலேயே இருப்பதால் தனி உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

மிளகாய் மிளகாய்தானே என்பதற்கு இன்னொரு பதில். சிச்சுவானில் ஒரு கோழி வறுவல் உண்டு, லாசி ஜி. தட்டு நிறைய வரமிளகாய் இருக்கும், அதற்குள் கோழித்துண்டைத் தேடி எடுக்க வேண்டும். அந்த மிளகாயைச் சாப்பிடுவதில்லை, மணத்துக்குத்தான் போடுகிறார்கள். காரம் மிதமான மிளகாய். அதே அளவு குண்டூர் போட்டால் சிறுவாணி வீட்டில் நடந்ததுதான் நடக்கும். நான் பியாட்கி மிளகாயை இரண்டாக வெட்டி, விதையை உதறிவிட்டுப் போடுகிறேன்.

சிச்சுவான் மிளகு வாங்கும்போது வாய் பிளந்த தோல் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் கறுப்பு விதை மணல் மாதிரி நறநறக்கும். விதையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வெறும் கடாயில் வாசனை வரும் வரை வறுத்து, அம்மியில் பொடித்து, சலித்துவிடுங்கள். நாக்கு நுனியில் ஒரு துணுக்கு வைத்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் விறுவிறு என்று மரத்தால் நல்ல சரக்கு. இது மிளகு இனமே இல்லை, எலுமிச்சைக் குடும்பம். கொங்கணத்தார் மீன் குழம்பில் தட்டிப் போடும் திர்பால் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. எலுமிச்சைச் செடிகளைத் தாக்கும் நோய் பரவிவிடும் என்று பயந்து அமெரிக்கா 1968இலிருந்து 2005 வரை இதன் இறக்குமதியைத் தடுத்தே வைத்திருந்தது. அந்தக் காலத்தில் அங்கே அச்சான பழைய புத்தகம் கையில் கிடைத்தால், 'இது இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இது இல்லாவிட்டால் பரவாயில்லை இல்லை.

பசிமாறன்

விதை விஷயம் எனக்குத் தெரியாது. நான் அப்படியே மிக்சியில் அடித்துப் போட்டுவிட்டு, சாமான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி.

கிள்ளான்காரன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். சிறுவாணி அக்கா, வீட்டில் அம்மி இருக்கிறது என்று சொன்னீர்களே, அப்போது உங்களுக்குத் தாய்லாந்துச் சமையல்தான் கைகொடுக்கும். டேவிட் தாம்ப்சன் எழுதிய 'தாய் ஃபுட்', 2002இல் வந்தது. தலையணை மாதிரி கனம். ஆஸ்திரேலியர், ஆனால் தாய் மொழியிலிருந்த பழைய சமையல் குறிப்புகளைத் தேடிப் படித்து எழுதியவர். அவர் சொல்கிற இரண்டு விஷயம் லண்டன்காரருக்குக் கஷ்டம், நமக்குச் சுலபம்.

ஒன்று, மசாலாவை இடிக்கும் வரிசை. வரமிளகாயும் உப்பும் முதலில். அப்புறம் நார் உள்ள லெங்குவாஸ், செராய். ஈரமான சின்ன வெங்காயமும் பூண்டும் பின்னால். பெலாச்சான் மாதிரி இறால் விழுது கடைசியில். ஈரத்தை முதலில் போட்டால் நார் வழுக்கிக்கொண்டே இருக்கும், மசியாது. அம்மியில் அரைத்த பாட்டிகளிடம் இதைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது தேங்காய்ப்பால். கெட்டியான முதல் பாலை அகலமான கடாயில் கொதிக்க விட்டால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் பிரியும். அந்த எண்ணெயில்தான் மசாலாவை வதக்க வேண்டும். பெட்டியில் வரும் பாலில் பிரியாமல் இருக்கவே ஏதாவது சேர்த்திருப்பார்கள். அதை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தாலும் வெள்ளையாகவே நிற்கும். நீங்கள் தேங்காய் உடைத்துத் திருகிப் பிழிகிறவர்கள், உங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

இன்னொரு புத்தகமும் சொல்கிறேன். ஜேம்ஸ் ஓஸ்லண்டின் 'கிரேடில் ஆஃப் ஃப்ளேவர்', 2006. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் இருக்கிறது. ஒரு புத்தகத்துக்கு ஒரு ஊர் என்ற அம்மிக்கல்லின் விதி எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த மூன்றும் அடுத்தடுத்த வீடு மாதிரிதான். ரெண்டாங் எப்படிச் செய்வது என்று எங்கள் பக்கத்து வீட்டு மலாய் அத்தையிடம் நின்று பார்த்திருக்கிறேன். சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களின் உணவு அது. முதலில் கறி தேங்காய்ப்பாலில் தளதளவென்று கொதிக்கும். பால் வற்றிக் கெட்டியாகிற அந்த நடுக்கட்டத்துக்கே 'காலியோ' என்று தனிப் பெயர். அதற்கும் மேல் கிளறிக்கொண்டே போனால் சத்தம் மாறும். தளதள போய், சர்ரென்று வறுபடும் சத்தம் வரும். கறி தன் எண்ணெயிலேயே கரும்பழுப்பாக வறுபடும். மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அதுதான் ரெண்டாங். 45 நிமிடத்தில் ரெண்டாங் என்று எந்தப் புத்தகமாவது சொன்னால் மூடி வைத்துவிடுங்கள். மாட்டுக்கறிக்குப் பதில் ஆட்டுக்கறியில் நன்றாக வரும்.

சிறுவாணி

சத்தம் மாறும் என்று சொன்னது மனதில் அப்படியே நின்றுவிட்டது. லெங்குவாஸ் என்பது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சித்தரத்தையா?

கிள்ளான்காரன்

கிட்டத்தட்ட. லெங்குவாஸ் பேரரத்தை. சித்தரத்தை அதன் சின்னத் தங்கை, காட்டமும் மருந்து வாசமும் கூடுதல். மருந்துக் கடையில் காய்ந்ததுதான் இருக்கும், அதை இடித்தால் சமையல் கஷாயமாகிவிடும். பச்சைக் கிழங்கு கிடைத்தால் ஒரு துண்டைத் தொட்டியில் நட்டுவிடுங்கள், இஞ்சி மாதிரியே வரும். செராய் என்றால் எலுமிச்சைப் புல், அதுவும் தொட்டியில் புதராக வளரும். காஃபிர் எலுமிச்சை இலைக்கு நாரத்தை இலை ஓரளவு சரி. நரம்பை உருவிவிட்டு நூலாக நறுக்கிப் போடுங்கள்.

ஆழாக்கு

மெக்ஸிகோவைப் பற்றி யாரும் பேசவில்லையே. மிளகாய் பிறந்த மண் அமெரிக்கக் கண்டம். போர்ச்சுகீசியர் கப்பலில் வந்த பிறகுதான் நமக்கு மிளகாய். அதுவரை நம் காரம் மிளகும் திப்பிலியும். அதனால் மிளகாயை முழுதாகப் புரிந்துகொள்ள ஆசை இருந்தால் டயானா கென்னடியைப் படிக்க வேண்டும். மெக்ஸிகோவின் கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்தவர், 2022இல் மறைந்தார். முதல் புத்தகம் 1972. முதல் மூன்று புத்தகங்களைச் சேர்த்து 2000இல் 'தி எசென்ஷியல் குசீன்ஸ் ஆஃப் மெக்ஸிகோ' என்று வந்தது. அங்கே ஒரே மிளகாய்க்குப் பச்சையில் ஒரு பெயர், காய்ந்தால் வேறு பெயர். பொப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ. ஹலபெனோ பழுத்து, புகையில் காய்ந்தால் சிபோட்லே. ஆஞ்சோவை முகர்ந்தால் உலர்ந்த திராட்சை வாசம் வரும்.

ஆனால் வாங்கச் சொல்ல மாட்டேன், சிறுவாணி. நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். அந்த மிளகாய்கள் இங்கே கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். அவர்களின் டோர்ட்டியா ரொட்டி மாவுக்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு அரைக்க வேண்டும். நம் கடை மக்காச்சோள மாவைப் பிசைந்தால் ஒட்டாமல் உதிரும். அந்தப் புத்தகத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். தக்காளி, பச்சை மிளகாய், தோலோடு பூண்டு, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் கருக வாட்டி, அம்மியில் உப்போடு ஒன்றிரண்டாக நசுக்குவது. அவர்களுடைய கொமால் நம் தோசைக்கல்லேதான். இதை இட்லிக்குத் தொட்டுப் பாருங்கள்.

யாழ் அடுக்களை

நான் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். மாமியார் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். எத்தியோப்பியச் சாப்பாட்டை ஒருவரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அங்கத்தைய கிறிஸ்தவர்கள் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் விரதம். அந்த நாட்களில் இறைச்சி மட்டுமல்ல, பால், நெய், முட்டை எதுவும் இல்லை. ஆனபடியால் சைவக் கறிகளில் அவர்களை அடிக்க ஆள் இல்லை. உறைப்பும் குறையாது.

அவர்களுடைய தூள் பெர்பெரே. மிளகாயோடு வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், இஞ்சி, கோராரிமா என்ற ஏலம். கோராரிமா தவிர மிச்சம் எல்லாம் எங்கள் அலுமாரியிலேயே இருக்கிறது. அதற்குப் பதில் நான் சாதாரண ஏலக்காய்தான் போடுகிறேன். மைசூர்ப் பருப்பில் செய்யும் மிசிர் வொட்டைத்தான் முதலில் செய்து பாருங்கள். வெங்காயத்தைப் பொடிப்பொடியாக அரிந்து, எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் சின்ன நெருப்பில் அரை மணித்தியாலமாவது கிண்ட வேண்டும். அது தன் தண்ணீரிலேயே வெந்து களியாகும். அதற்குப் பிறகுதான் எண்ணெய், தூள். நான் முதல் தடவை பொறுமையில்லாமல் எண்ணெயை முதலே விட்டேன். கறி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது எங்கள் வீட்டுப் பருப்புக்கறி. எத்தியோப்பியர் வீட்டில் சாப்பிட்ட கறியில் இருந்த அந்தத் தடிப்பு வரவில்லை.

அடிஸ் அபாபாவில் இருக்கிற சமையற்காரர் யோஹானிஸ் கெப்ரெயேசுஸ் எழுதிய 'எத்தியோப்பியா' என்ற புத்தகம் என்னிடம் இருக்கிறது. அந்த ஊர்க்காரரே எழுதியது என்பது எனக்குப் பெரிய விஷயம். இன்ஜெரா தோசை மாதிரி என்பார்கள், ஆனால் திருப்பிப் போடுவதில்லை, ஒரு பக்கம்தான். அதற்கு வேண்டிய தெஃப் என்ற தானிய மா இல்லாவிட்டால் அதை விட்டுவிட்டுச் சோற்றோடு சாப்பிடுங்கள், குற்றமில்லை.

அம்மிக்கல்

யாழ் அடுக்களை சொன்னது நல்ல யோசனை, என் பட்டியலில் நானும் சேர்த்துக்கொண்டேன்.

சிறுவாணி, வாங்கும் முன் ஆன்லைனில் மாதிரிப் பக்கங்கள் கிடைக்கும், அதில் பின்னட்டவணையைப் பாருங்கள். 'கத்தரிக்காய்' என்று தேடினால் அதில் செய்யக்கூடியதெல்லாம் வர வேண்டும். சந்தையிலிருந்து என்ன வாங்கி வந்தோமோ அதை வைத்துத்தானே சமைக்கிறோம். உணவின் அந்நியப் பெயரை மட்டும் அட்டவணையில் போட்ட புத்தகம் அலமாரியிலேயே தூங்கும். மூன்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒன்று வாங்கி, பத்து முறை சமைத்து, பக்கத்தில் எண்ணெய்க் கறை பட்ட பிறகு அடுத்தது.

சிறுவாணி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் ரைஸ்' வாங்கினேன். மீன்மணக் கத்தரிக்காய் நான்கு முறை செய்தாகிவிட்டது. முதல் முறை டோபான்ஜியாங்கைப் பெரிய தீயில் போட்டுவிட்டேன், கருகிக் கசந்தது. இரண்டாவது முறை அடுப்பைச் சிம்மில் வைத்து, கரண்டியால் தள்ளிக்கொண்டே இருந்தேன். அம்மிக்கல் சொன்ன மாதிரியே எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து கடாய் ஓரத்தில் ஓடியது. பெரியவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கறுப்பு வினிகர் கிடைக்கவில்லை, சாதாரண வினிகரைக் குறைத்து ஊற்றிக் கொஞ்சம் சோயா சாஸ் சேர்த்தேன். மாமியார் பெயரைக் கேட்டதும் தட்டைத் தள்ளினார். மீனே இல்லை என்று சமைத்த பாத்திரத்தைக் காட்டிய பிறகு இரண்டாவது முறை போட்டுக்கொண்டார். சின்னவளுக்கு விழுதை பாதியாகக் குறைத்துத் தனியாக எடுத்துவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன தக்காளி, பூண்டு வாட்டல் இப்போது வாரம் இரண்டு நாள் இட்லிக்கு உண்டு, ஆழாக்கு ஐயா.

அடுத்தது தாய்லாந்து. புத்தகம் நேற்று வந்தது. கிள்ளான்காரன் தம்பி, இரண்டு தேங்காயில் முதல் பால் ஒன்றரை டம்ளர் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். நாளை பச்சைக் குழம்பு. தண்ணீர் விடாமல் பிழிந்ததில் பால் குறைவாக இருந்ததால் கால் டம்ளர் வெந்நீர் சேர்த்துப் பிழிந்தேன். எண்ணெய் பிரியுமா?

கிள்ளான்காரன்

பிரியும் அக்கா. ராத்திரியில் மேலே கெட்டியாக ஆடை கட்டியிருக்கும், காலையில் அதை மட்டும் கரண்டியால் வழித்துக் கடாயில் போடுங்கள். அடியில் நிற்கும் தண்ணீர்ப் பாலைக் கொட்டாதீர்கள், குழம்பு கொதிக்க அது வேண்டும். மிதமான தீ, அடிக்கடி கிளறுங்கள். ஓரத்தில் பொரிப்பொரியாக வந்து, தெளிந்த எண்ணெய் தெரிந்ததும் விழுதைப் போடுங்கள். பச்சை வாசம் போகும் வரை நகராதீர்கள்.